பிஸ்டலைக் கீழே போட்டுப் பார்க்கும் சட்டம் நமக்கும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் துப்பாக்கிச் சூடு என்று செய்தி வரும்போதெல்லாம் நம் பத்திரிகைகளில் ஒரு வரி தவறாமல் வந்துவிடுகிறது: அங்கே யார் வேண்டுமானாலும் கடைக்குப் போய் எந்தத் துப்பாக்கியை வேண்டுமானாலும் வாங்கலாம் என்று. கலிபோர்னியாவைப் பொறுத்தவரை இது சரியில்லை. கடையில் எந்தெந்தக் கைத்துப்பாக்கியை விற்கலாம் என்று அந்த மாநில அரசு ஒரு பட்டியலே வைத்திருக்கிறது. அதில் பெயர் இல்லாத மாடலைக் கடைக்காரர் பொதுமக்களுக்குப் புதிதாக விற்க முடியாது. மாசசூசெட்ஸ், மேரிலாந்து மாநிலங்களிலும் இப்படிப் பட்டியல் உண்டு. நான் காவல்துறை ஆயுதப்படையில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கிகளைப் பராமரிக்கிறவனாக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பிஸ்டலைப் பிரித்து, துடைத்து, ஸ்பிரிங் மாற்றி, மறுபடி பூட்டிக் கொடுத்தே காலம் கழிந்தது. அந்தப் பட்டியலில் நாம் கட்டாயம் எடுத்துக்கொள்ள வேண்டியதும் இருக்கிறது, தொடவே கூடாததும் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

இது என் காதுக்கு வந்தது என் அக்கா மகன் மூலம். கலிபோர்னியாவில் சான் ஓசே பக்கம் வீடு வாங்கி, அந்த நாட்டுக் குடியுரிமையும் வாங்கிவிட்டான். "வீட்டுக்கு ஒரு பிஸ்டல் வாங்கப் போறேன், எதை வாங்கலாம் மாமா?" என்று போனில் கேட்டான். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் எதற்கு என்று தடுத்துப் பார்த்தேன், கேட்கவில்லை. சரி, வாங்குவதாக இருந்தால் ஒழுங்கானதாக வாங்கட்டும் என்று குளோக் கம்பெனியின் ஐந்தாம் தலைமுறை பிஸ்டலைச் சொன்னேன். அவனுக்கு இடது கைப் பழக்கம். அந்த மாடலில், மேலே முன்னும் பின்னும் நகரும் பாகமான ஸ்லைடை விடுவிக்கும் நெம்பு இரண்டு பக்கமும் இருக்கும். தோட்டா அடுக்கும் மேகசினைக் கழற்றுகிற பட்டனையும் இடதுகைக்காரருக்கு ஏற்றபடி மாற்றி வைத்துக்கொள்ளலாம். கடைக்குப் போய்விட்டு வந்து மறுபடி கூப்பிட்டான். ஐந்தாம் தலைமுறை பட்டியலில் இல்லையாம், மூன்றாம் தலைமுறைதான் தர முடியுமாம். மூன்றாம் தலைமுறை 1990களில் வந்த வடிவம். ஐந்தாம் தலைமுறை 2017இல் வந்தது. அதே ஐந்தாம் தலைமுறையை ஒரு போலீஸ்காரர் கேட்டால் விற்கலாம், ஏனென்றால் போலீசுக்கு அந்தப் பட்டியலில் விலக்கு உண்டு.

இதைக் கேட்டதும் கோபம்தான் வந்தது. பிறகு அந்தச் சட்டத்தைப் பற்றி விசாரித்துப் படித்துப் பார்த்தேன். ஆரம்பம் நல்ல ஆரம்பம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். லாஸ் ஏஞ்சலீஸ் சுற்றுவட்டாரத்தில் சில கம்பெனிகள் மட்டமான உலோகத்தில் மலிவு பிஸ்டல்களை வார்த்துத் தள்ளிக்கொண்டிருந்தன. 1994இல் வட கலிபோர்னியாவில் அப்படிப்பட்ட ஒரு பிஸ்டலிலிருந்து தோட்டாவை எடுக்க முயன்றபோது அது வெடித்து, ஏழு வயதுப் பையன் ஒருவனுக்குக் கழுத்துக்குக் கீழே செயலற்றுப் போனது. அந்த பிஸ்டலின் அமைப்பைக் கேளுங்கள்: உள்ளே இருக்கும் தோட்டாவை எடுக்க ஸ்லைடை இழுக்க வேண்டும். ஸ்லைடை இழுக்க, சுடாமல் தடுக்கும் சேஃப்டியை விலக்க வேண்டும். அதாவது, காலி செய்ய நினைக்கிறவன் முதலில் அதைச் சுடத் தயாரான நிலைக்குக் கொண்டுவர வேண்டும். எந்த ஆர்மரரும் இதைப் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வான். அந்தப் பையனின் வழக்கில் 2003இல் ஜூரிகள் தயாரிப்பாளர் மீதும் பொறுப்பைச் சுமத்தினார்கள்.

1999இல் சட்டம் இயற்றி, 2001 ஜனவரி முதல் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு மாடலுக்கு மூன்று பிஸ்டல்களை அரசு அங்கீகரித்த தனிச் சோதனைக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். ஒவ்வொன்றிலும் 600 தோட்டா சுடுவார்கள். முதல் 20 தோட்டா ஒரு தடங்கலும் இல்லாமல் போக வேண்டும். மொத்த 600இல் ஆறு தடங்கலுக்கு மேல் வரக்கூடாது. எங்கும் விரிசல் விடக்கூடாது. அப்புறம், சுட்டுக் களைத்த அதே பிஸ்டல்களில், வெடிமருந்தும் ஈயக்குண்டும் இல்லாத, அடியில் பிரைமர் என்ற பற்றவைப்பு மருந்து மட்டும் உள்ள தோட்டாக்கூட்டைப் போட்டு, ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கான்கிரீட் தளத்தில் விழவைப்பார்கள். நேராக, தலைகீழாக, கைப்பிடி கீழே படும்படி, குழல் முனை கீழே படும்படி, பக்கவாட்டில், சுத்தியல் வெளியே தெரிகிற மாடலாக இருந்தால் அது அடிபடும்படி. ஒரு தடவை பிரைமர் வெடித்தாலும் அந்த மாடல் தேறாது. புதுசாக எடுத்து வந்ததைப் போட்டுப் பார்க்காமல், 600 தோட்டா தாங்கியதைப் போட்டுப் பார்க்கிறார்கள் பாருங்கள், அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. தேய்ந்த பிஸ்டலில்தான் கோளாறு வெளியே வரும். இது வேலை தெரிந்தவன் எழுதிய சட்டம்.

2007 முதல் புதிதாகச் சேரும் பிஸ்டல்களுக்கு இன்னும் இரண்டு நிபந்தனை போட்டார்கள். குழலின் பின்பக்கம் தோட்டா உட்காரும் சேம்பருக்குள் தோட்டா இருந்தால், விவரப் புத்தகம் படிக்காதவருக்கும் புரிகிற மாதிரி வெளியே ஒரு அடையாளம் தெரிய வேண்டும். மேகசினைக் கழற்றினால் டிரிகர் வேலை செய்யக் கூடாது. இந்த இரண்டும் ஏன் முக்கியம் என்று நம் ஊர் உதாரணமே சொல்கிறேன். தேர்தல் அறிவிப்பு வந்ததும் உரிமம் வைத்திருப்பவர்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பது நம் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். களக்காடு, கடையம் பக்கத்துத் தோட்டக்காரர்கள் காட்டுப்பன்றிக்கு வைத்திருக்கும் பழைய துப்பாக்கி, ஒற்றைக்குழல், இரட்டைக்குழல் துப்பாக்கி எல்லாம் அந்த வாரத்தில் வரிசையாக வரும். அந்த வேலைக்குப் போயிருந்தபோது பெரிய மனிதர் ஒருவர் பாயிண்ட் 32 துளையளவு பிஸ்டல் கொண்டுவந்தார். என் கண் முன்னாலேயே மேகசினைக் கழற்றி மேசையில் வைத்து, "காலிதான் தம்பி" என்றார். பிஸ்டலின் வாய் பக்கத்தில் நின்ற ரைட்டரின் வயிற்றைப் பார்த்திருந்தது. நான் வாங்கிச் சுவர்ப்பக்கம் திருப்பி ஸ்லைடை இழுத்தேன். பளபளவென்று ஒரு தோட்டா தெறித்து விழுந்து மேசைக்கடியில் உருண்டது. அவர் பொய் சொல்லவில்லை. மேகசினைக் கழற்றினால் துப்பாக்கி காலி என்று உண்மையாகவே நம்பிக்கொண்டிருந்தார். கடைசியாக ஏறிய தோட்டா சேம்பரிலேயே உட்கார்ந்திருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அவர் பிஸ்டலும் வெளியே காட்டவில்லை.

இதே தவறு போலீசிடம் நடக்காமலிருக்க ஒரு ஏற்பாடு வெகுகாலமாக இருக்கிறது. பிரௌனிங் வடிவத்தில் மேற்கு வங்க மாநிலம் இஷாப்பூர் தொழிற்சாலை செய்து தந்த 9 மி.மீ. பிஸ்டலில் மேகசின் இல்லாவிட்டால் டிரிகர் அடிக்காது. ஒரு சின்ன நெம்பு மேகசினின் முகப்பில் உரசிக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான் சங்கதி. அந்த உரசலால் டிரிகர் கொஞ்சம் கனமாகும், இழுக்கும்போது மணல் இருப்பதுபோல் நறநறக்கும். குறிபார்த்துச் சுடுகிறவர்களுக்கு அது பிடிக்காது. சண்டையின் நடுவில் மேகசின் மாற்றும் நேரத்தில் சேம்பரில் இருக்கும் ஒரு தோட்டா பயன்படாமல் போகுமே என்று ஆட்சேபிப்பவர்களும் உண்டு. அந்த ஆட்சேபம் படைக்காரருக்குச் சரி. பீரோவில் பூட்டி வைத்து வருஷத்துக்கு ஒரு முறை எடுத்துத் துடைக்கிற வீட்டுக்காரருக்கு அந்த நெம்பு உயிர் காக்கும்.

இதுவரைக்கும் கலிபோர்னியா செய்தது சரி என்பேன். கெட்டது அடுத்த படியில். புதிதாகச் சேரும் ஒவ்வொரு பிஸ்டலிலும், தோட்டாவின் அடியில் மோதும் ஊசியான ஃபயரிங் பின்னில் மாடலும் எண்ணும் நுண்ணெழுத்தில் பொறிக்கப்பட்டு, சுடும்போது காலிக்கூட்டில் அது பதிய வேண்டும் என்று 2007இல் சட்டம் போட்டு, 2013 மே மாதம் அமலாக்கினார்கள். குற்றம் நடந்த இடத்தில் கிடக்கும் கூட்டை வைத்துத் துப்பாக்கியைக் கண்டுபிடிக்கலாம் என்ற நோக்கம் நல்லதுதான். ஆனால் அப்படி ஒரு பிஸ்டலை எந்தக் கம்பெனியும் சந்தைக்குக் கொண்டுவரவில்லை. விளைவு, 2013க்குப் பிறகு பத்து ஆண்டு அளவுக்கு, சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோமேட்டிக் வகையில் புதிய மாடல் ஒன்றுகூடப் பட்டியலில் ஏறவில்லை. பழையவை விலக்கு பெற்றுத் தொடர்ந்தன. 2023 மார்ச்சில் ஒரு மத்திய நீதிபதி இந்த நிபந்தனைகளுக்கு இடைக்காலத் தடை விதித்தபோது ஒரு கணக்கு வெளியே வந்தது: பட்டியலில் இருந்த சுமார் 800 செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டல்களில் தோட்டா அடையாளமும் மேகசின் தடுப்பும் இரண்டும் சேர்ந்து இருந்தவை 32தான். மற்றவை எல்லாம் அந்த நிபந்தனைகளுக்கு முந்திய பழைய சரக்கு. பாதுகாப்புக்காக எழுதிய பட்டியல், பாதுகாப்பு கூடிய புது வடிவத்தை வெளியே நிறுத்திவிட்டுப் பழையதை உள்ளே வைத்துக் காவல் காத்திருக்கிறது. இதற்கு மேல், 2020இல் இயற்றிய சட்டம், புதிதாக ஒன்று சேர்ந்தால் பழையதில் மூன்றை நீக்க வேண்டும் என்கிறது. எந்தச் சோதனையிலும் தோற்காத மாடலை எண்ணிக்கைக்காக நீக்குவதில் என்ன பாதுகாப்பு இருக்கிறது?

2009இல் தொடுத்த ஒரு வழக்கில், பிறவியிலேயே வலது கை முழங்கைக்குக் கீழே இல்லாத ஒருவரும் மனுதாரர். இரண்டு பக்கமும் மேகசின் பட்டன் உள்ள குளோக் அவருக்குத் தேவைப்பட்டது. அதே பிஸ்டல், ஒரு பக்கம் மட்டும் பட்டன் உள்ள வடிவில் பட்டியலில் இருந்தது. அவருக்கு வேண்டியது இல்லை. 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றுதான் தீர்ப்பளித்தது. 2023இல் வந்த தடையை எதிர்த்து மேல்முறையீடு செய்தபோது, நுண்ணெழுத்து நிபந்தனையை மட்டும் மாநில அரசே விட்டுக்கொடுத்தது. அதன் பிறகுதான் புது மாடல்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஏற ஆரம்பித்தன. அந்த நுண்ணெழுத்து நிபந்தனையையும் வேறு சட்டம் வழியாக 2028இல் திரும்பக் கொண்டுவரப் பார்க்கிறார்கள்.

நம் கதைக்கு வருகிறேன். இங்கே உரிமம் கிடைப்பதே அரிது, அது அப்படியே இருக்கட்டும். அதைத் தளர்த்தச் சொல்லி நான் எழுதவில்லை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் 2019இல் செய்த திருத்தத்தின்படி ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது, முன்பு மூன்று. அதுவும் நல்லதுதான். ஆனால் உரிமம் பெற்றவர் எந்த பிஸ்டலை வாங்கலாம் என்பதை நம் நாட்டில் தீர்மானிப்பது குழலின் துளையளவு. 9 மி.மீ. படைகளுக்கு உரியது என்று பொதுமக்களுக்குத் தடை. வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி, விளையாட்டு வீரர்கள் போன்ற சிலரைத் தவிர மற்றவர்களுக்குக் கிடையாது. மிஞ்சுவது முக்கியமாக பாயிண்ட் 32 பிஸ்டலும் ரிவால்வரும், பாயிண்ட் 22 ரிவால்வரும். பெரும்பாலும் அரசுத் தொழிற்சாலைச் சரக்கு. 2014இல் பெண்களுக்கென்று டைட்டானியக் கலவையில் ஒரு இலகு ரிவால்வர் விட்டார்கள். அதன் எடையும் விலையும் எல்லாப் பேப்பரிலும் வந்தது. கீழே விழுந்தால் வெடிக்குமா என்று ஒரு பேப்பரும் கேட்கவில்லை. குழல் அழுத்தம் தாங்குகிறதா என்று பார்த்து முத்திரை குத்துகிறார்கள், அது வேறு சோதனை. நான் கேட்பது, கையிலிருந்து நழுவினால் என்ன ஆகும் என்ற சோதனை. உரிமதாரர் வாங்குமுன் எடுத்துப் பார்க்க, இந்த மாடல் இத்தனை உயரத்திலிருந்து இப்படி விழுந்தும் வெடிக்கவில்லை என்று அரசு வெளியிட்ட பட்டியல் எதையும் என் வேலைக்காலத்தில் நான் பார்த்ததில்லை.

ஆகவே மத்திய உள்துறை அமைச்சகத்துக்கு உங்கள் நாளிதழ் வழியாக என் கோரிக்கை. பொதுமக்களுக்கு விற்கும் ஒவ்வொரு பிஸ்டல், ரிவால்வர் மாடலையும், தயாரித்தது அரசானாலும் தனியாரானாலும், தயாரிப்பாளர் கையில் விடாமல் வேறொரு கூடத்தில் சுட்டுப் பார்த்து, போட்டுப் பார்த்து, முடிவைத் தமிழ் உட்பட எல்லா மொழிகளிலும் வெளியிட வேண்டும். புதிய பிஸ்டலில் தோட்டா அடையாளம் கட்டாயமாக வேண்டும். கலிபோர்னியா மாதிரி, சந்தையில் இல்லாத கருவியை நிபந்தனையாக வைத்துக் கதவைச் சாத்த வேண்டாம். பத்து வருஷத்துக்கு ஒரு முறையாவது பழைய மாடல்களையும் மறுபடி சோதனைக்கு அழைக்க வேண்டும். திருச்சியில் 1966 முதல் துப்பாக்கித் தொழிற்சாலை நடக்கிற மாநிலம் இது. இந்தச் சோதனைக்குத் தெரிந்த ஆட்கள் இங்கேயே இருக்கிறார்கள்.

மாவட்ட ஆட்சியருக்கும் மாநகரக் காவல் ஆணையருக்கும் இன்னொரு சின்ன வேண்டுகோள், இதற்குச் சட்டம் எதுவும் தேவையில்லை. அடுத்த தேர்தலுக்குத் துப்பாக்கி ஒப்படைக்கும் ஒவ்வொரு நிலையத்திலும் வாசலிலேயே ஒரு மணல் தொட்டி வைத்து, துப்பாக்கியின் வாயை அதற்குள் வைத்துத் திறந்து காட்டிய பிறகே உள்ளே விடச் சொல்லுங்கள். பக்கத்தில் விவரம் தெரிந்த ஒரு ஆர்மரரை நிறுத்துங்கள். ஓய்வுபெற்றவர்களைக் கூப்பிட்டாலும் வருவோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆயுதப்படை ஆர்மரர்,
பாளையங்கோட்டை.