கரை நிறத்தை முதலில் சொல்

உ
சிவமயம்

காரைக்குடி

அன்பு மகள் அலமுவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். நீ கேட்ட இரண்டு கண்டாங்கிச் சேலைக்கும் தறிக்காரரிடம் சொல்லியாகிவிட்டது. தை பிறந்ததும் பாவு, அதாவது நீளவாக்கு நூல், ஓட்டுகிறார்கள். நூலுக்குச் சாயம் ஏற்றுமுன் நிறம் முடிவாக வேண்டும். வீடியோ காலில் நீ தோளில் போட்டுக் காட்டுவதைப் பார்த்து நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். போன் கேமரா வெளிச்சத்துக்குத் தகுந்தபடி வெள்ளையைத் தானாக மாற்றிக்கொண்டே இருக்கும். அதோடு மற்ற நிறமெல்லாம் நகரும். அரக்கு ஒரு நிமிடம் ராணி பிங்க் மாதிரி நிற்கும், அடுத்த நிமிடம் காப்பிக்கொட்டை மாதிரி. அதனால் நீயே பார்த்துத் தீர்மானிக்கிற முறையை எழுதுகிறேன். சேலைக்கு மட்டுமில்லை, ஆபீஸ் சட்டைக்கும் குளிருக்குப் போடுகிற கோட்டுக்கும் இதே கணக்குத்தான்.

முதலில் ஒன்றை மனதிலிருந்து எடுத்துவிடு. "இந்தக் கலர் உன்னை வெளுப்பாக் காட்டும்" என்று கடையிலும் சொல்வார்கள், சொந்தத்திலும் சொல்வார்கள். துணி தேர்ந்தெடுக்க அது அளவுகோலே கிடையாது. நிறம் முகத்துக்கு எடுத்தால் தோல் ஒரே சீராகத் தெரியும், கண் பளிச்சிடும், வாயோரக் கருமையும் கண்ணுக்குக் கீழ் கருவளையமும் கண்ணில் படாது. எடுக்காவிட்டால் எவ்வளவு சிவந்த மேனியானாலும் சாம்பல் பூத்த மாதிரிதான். கறுப்பாக இருப்பவர்கள் அடர்நிறம் கட்டக் கூடாது என்பது சுத்தத் தவறு. நல்ல கறுப்புக்கு மாம்பழ மஞ்சளும் மிளகாய்ப்பழச் சிவப்பும் கருநீலமும் நிற்கிற அழகு வேறு யாருக்கும் வராது. அவர்களுக்கு ஒத்துவராதது, வெள்ளையைக் கரைத்து ஊற்றினாற்போல் சுண்ணாம்புத்தன்மை உள்ள வெளிர் ரோஸும் வெளிர் ஊதாவும். அவைதான் தோலில் சாம்பலை எழுப்பும்.

துணி முகத்தை இரண்டு வழியில் மாற்றுகிறது. ஒன்று பிரதிபலிப்பு. வெளிச்சம் துணியில் பட்டு, அதன் நிறத்தையும் கூட்டிக்கொண்டு மேலே எழும்பித் தாடைக்கு அடியில் விழும். கிளிப்பச்சைச் சுடிதார் போட்டவர் பகல் வெளிச்சத்தில் நிற்கும்போது கழுத்தைப் பார், பச்சை தெரியும். துணி வெளிராக, பளபளப்பாக இருக்க இருக்க இது கூடும். கறுப்பும் கருநீலமும் வெளிச்சத்தை விழுங்கிவிடுவதால் தாடை நிழலும் கண்ணடி நிழலும் ஆழமாகும்.

இரண்டாவது, கண் செய்கிற வேலை. பெரிய நிறப்பரப்பு ஒன்று பக்கத்தில் இருந்தால், கண் அதன் எதிர்நிறத்தை அடுத்திருப்பதன் மேல் ஏற்றிப் பார்க்கும். சிவப்புக்குப் பக்கத்தில் எதுவும் கொஞ்சம் பச்சை சாயும், மஞ்சளுக்குப் பக்கத்தில் நீல ஊதா சாயும், வெள்ளைக்குப் பக்கத்தில் கறுப்பு இன்னும் கறுக்கும். இதை ஒழுங்காக ஆராய்ந்து எழுதியவர் ஷெவ்ரல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். பாரிஸில் கோப்லான் என்ற அரச நெசவுச்சாலையில் 1824-ல் சாயப் பிரிவுக்குத் தலைவரானார். அங்கே நீலத்துக்கும் ஊதாவுக்கும் நிழல் காட்டப் போட்ட கறுப்பு நூல் வெளிறிக் கிடக்கிறது என்று புகார் வந்தது. சாயத்தில் குறை இல்லை, பக்கத்து நிறம்தான் கறுப்பின் வலுவைக் குறைக்கிறது என்று கண்டார். 1839-ல் அது புத்தகமாக வந்தது. நம் பழைய கண்டாங்கியில் கடுகு மஞ்சளுக்குக் கறுப்புக் கரை போட்டிருப்பதைப் பார். மஞ்சளை அடுத்த கறுப்பு நீலம் ஏறி இன்னும் கறுப்பாக நிற்கும். அதே கறுப்பை நீலச் சேலை உடலுக்குக் கரையாகப் போட்டால் துவைத்துத் துவைத்துப் பழுப்பேறினது போலத் தெரியும். நீல உடல் கேட்பதானால் கறுப்புக் கரை கேட்காதே.

இனி உன் நிறம். மூன்று விஷயம் பார்க்க வேண்டும்: அடிச்சாயல், ஆழம் (எவ்வளவு அடர்த்தி, எவ்வளவு வெளிர்), தெளிவு (பளிச்சா, மங்கலா). அடிச்சாயல் என்பது தோலுக்கு அடியில் மஞ்சள் சாய்கிறதா, நீலம் கலந்த ரோஸ் சாய்கிறதா, நம் பக்கம் நிறையப் பேருக்கு உள்ளது போலப் பச்சை கலந்த மஞ்சளா (ஆலிவ் என்பார்களே அது) என்பது. வெயிலில் அலைந்தாலும் லண்டன் குளிரில் கிடந்தாலும் இது மாறாது; மாறுவது ஆழம். மணிக்கட்டு நரம்பு பச்சையா நீலமா என்று பார்க்கச் சொல்கிறார்களே, அதை நம்பாதே. மாநிறத்திலும் கறுப்பிலும் நிறமி நடுவில் நின்று மறைப்பதால் நரம்பு நிறையப் பேருக்குச் சரியாகத் தெரியாது, தெரிந்தாலும் பெரும்பாலும் பச்சையாகத்தான் தெரியும். தங்கமா வெள்ளியா என்கிற சோதனையும் நமக்குச் சரிவராது. பிறந்ததிலிருந்து தங்கம் பார்த்த கண்ணுக்குத் தங்கம்தான் அழகு.

துணியை மேலே போட்டுப் பார்ப்பதுதான் உறுதி. பார்சலில் எட்டு பிளவுஸ் பிட் வைத்திருக்கிறேன், எல்லாம் டூ பை டூ ரூபியா, 80 சென்டிமீட்டர், பளபளப்பில்லாதது. இரண்டிரண்டாகப் பின் குத்தியிருக்கிறேன்: பளீர் வெள்ளையும் கோரா வெள்ளையும் (வெளுக்காத நூலின் லேசான மஞ்சள் வெள்ளை), ராணி பிங்க்கும் பவளமும், அரக்கும் செங்கல் சிவப்பும், பாட்டில் பச்சையும் பாசிப்பயறுப் பச்சையும். ஒவ்வொரு சோடியிலும் இரண்டுக்கும் ஆழம் ஏறக்குறைய ஒன்று, சாய்வு மட்டும் வேறு. ஆழம் வேறுபட்டால் நீ சாய்வைப் பார்க்கிறாயா ஆழத்தைப் பார்க்கிறாயா என்பது குழம்பிப்போகும்.

காலை பத்திலிருந்து இரண்டுக்குள், வடக்குப் பார்த்த ஜன்னலுக்கு முன்னால், ஒரு மீட்டர் தள்ளி, ஜன்னலைப் பார்த்து உட்கார். மேகமூட்டமாக இருந்தால் ரொம்ப நல்லது. விளக்கெல்லாம் அணைத்துவிடு. 3000 கெல்வின் மஞ்சள் பல்பும் பகல் வெளிச்சமும் கலந்தால் முகம் பாதி ஒரு நிறம், பாதி வேறு நிறம். நம் வீட்டு முற்றத்து வெளிச்சம் இதற்கு அருமையானது, ஆனால் அங்கேயும் ஆத்தங்குடிக் கல்லின் சிவப்புத் தரை கீழிருந்து நிறம் அடிக்கும். ஒரு வெள்ளை வேட்டியை விரித்துக்கொண்டுதான் பார்க்க வேண்டும். உன் அறைக் கம்பளமும் அப்படித்தான், மேலே வெள்ளைப் போர்வை போட்டுவிடு. முகத்தில் பவுடர்கூட வேண்டாம். மூக்குக்கண்ணாடி, தோடு, பொட்டு எல்லாம் எடுத்துவிடு. முடிக்கு மருதாணிச் சிவப்போ டையோ இருந்தால் வெள்ளைத் துண்டைச் சுற்றிக் கட்டு.

துணியைத் தாடைக்கு அடியிலிருந்து இரண்டு தோளும் மூடுகிற மாதிரி போடு. கழுத்துத் தோல் இடையில் தெரியக் கூடாது. சோடியில் ஒன்றை ஐந்து விநாடி, அடுத்ததை ஐந்து விநாடி, மாற்றி மாற்றிப் பார். ஒன்றையே வெறித்துக்கொண்டிருந்தால் கண் அந்த நிறத்துக்குப் பழகிவிடும். நடுநடுவே வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொள். துணியைப் பார்க்காதே. தாடை ஓரம், வாயோரம், கண்ணடி, இந்த மூன்று இடம்தான். எந்தத் துணியில் முதலில் கண் தெரிகிறதோ அது உனக்கு. எதில் முதலில் துணி தெரிகிறதோ அதில் துணி உன்னை ஜெயித்துவிட்டது. கோரா, பவளம், செங்கல், பாசிப்பயறு என்று எல்லாம் ஒரு பக்கமே ஜெயித்தால் மஞ்சள் சாயல். பளீர் வெள்ளை, ராணி பிங்க், அரக்கு, பாட்டில் பச்சை ஜெயித்தால் நீலச் சாயல். கோராவும் அரக்கும் நன்றாக இருந்து, பாசிப்பயறுப் பச்சையில் மட்டும் காமாலை வந்தது போல் இருந்தால் ஆலிவ். நெற்றியையும் கன்னத்தையும் வைத்துத் தீர்மானிக்காதே, வெயில் பட்டுக் கறுத்த இடங்கள் அவை.

எனக்குத் தெரிந்தவரை உன்னுடையது ஆலிவ் மாநிறம். சோதித்துப் பார்த்துச் சொல். அப்படியானால் உனக்கு ஆபத்து கடுகு மஞ்சளும், காக்கியும், பிஸ்கெட் நிறமும். கடுகு உன் தோலிலுள்ள பச்சையைத் தூக்கிக் காட்டும். பிஸ்கெட் நிறம் ஆழத்திலும் சாய்விலும் உன் தோலோடு கிட்டத்தட்ட ஒன்று. முகம் எங்கே முடிகிறது, துணி எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. அரக்கு, கத்தரிப்பூ, பாட்டில் பச்சை, மயில் கழுத்து, செங்கல், இவை கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்.

ஆழத்துக்கு ஒரு போட்டோ போதும். அதே ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்து, பியூட்டி பில்ட்டரை அணைத்து, கறுப்பு வெள்ளையாக மாற்று. முடிக்கும் தோலுக்கும் உள்ள இடைவெளியைப் பார். உனக்கு முடி கருகரு, தோல் நடுத்தரம், இடைவெளி பெரிது. அதனால் சேலை உடலுக்கும் கரைக்கும் அதே அளவு இடைவெளி தாங்கும். முடியும் தோலும் நெருங்கி இருப்பவர்களுக்கு ஒரே ஆழத்தில் இரண்டு நிறம் சேர்ந்தால்தான் அமைதியாக இருக்கும். நரை கூடினால் இடைவெளியும் மாறும். தெளிவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உன் கண் வெள்ளை பளிச்சென்று இருக்கிறது, மங்கல் நிறம் உனக்கு வேண்டாம்.

இப்போது கண்டாங்கி. 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தபிறகு எல்லா நிறத்திலும் நெய்யச் சொல்லிக் கேட்கிறார்கள், ஆனாலும் செங்கல், கடுகு, கறுப்பு என்கிற பழைய மூன்றுக்கு ஈடு இல்லை. உனக்குக் கடுகு ஆகாது என்று எழுதிவிட்டேனே என்று விட்டுவிடாதே. சேலையில் முகத்துக்குப் பக்கத்தில் வருவது உடல் இல்லை. மடிப்பு வைத்துத் தோளில் பின் குத்தினால் மேல்கரைதான் மார்பின் குறுக்கே ஏறிக் கழுத்தோரம் போகும். கண்டாங்கிக் கரை அகலமானது. அதற்கு அடுத்து ரவிக்கைக் கழுத்து. கரையும் ரவிக்கையும் அரக்காக இருந்தால் கடுகு உடல் இடுப்புக்குக் கீழே நின்று அழகு செய்யும், முகத்தைத் தொடாது. ரவிக்கைக் கழுத்தை இறக்கி வெட்டினாலும் துணிக்கும் தாடைக்கும் நடுவே தோல் வந்துவிடுவதால் பிரதிபலிப்பு குறையும். போட் நெக் கேட்பதானால் ரவிக்கை நிறத்தில் தப்பே பண்ணக் கூடாது.

கரை நீளவாக்கில் ஓடுவதால் அது பாவு நூலிலேயே சேர்ந்து வரும். பாவு ஓட்டிய பிறகு மாற்ற முடியாது, அந்தப் பாவில் வருகிற எல்லாச் சேலைக்கும் அதே கரை. முந்தி ஊடையில், அதாவது குறுக்கு நூலில், வருவது, அதைப் பின்னால்கூடச் சொல்லலாம். அதனால்தான் கரையை முதலில் கேட்கிறேன்.

கட்டத்தின் அளவையும் யோசி. சின்னக் கட்டம் நாலைந்து மீட்டர் தள்ளிப் பார்த்தால் தனித்தனியாகத் தெரியாது, கண்ணிலேயே கலந்துவிடும். சிவப்பும் கறுப்பும் கலந்து கரும்பழுப்பாகும், அது பரவாயில்லை. மஞ்சளும் கறுப்பும் கலந்தால் பாசி படிந்த பச்சை. உன் முகத்துக்கு வேண்டாத நிறமே அதுதான். கடுகு எடுத்தால் கட்டம் பெரிதாகக் கேள், விரல் மூன்று அகலமாவது இருக்கட்டும். நூலை நெய்யுமுன் சிட்டத்தில் (நூல் கட்டில்) பார்க்கும்போது நிறம் ஒரு படி அடர்த்தியாகத் தெரியும், இழைக்கு நடுவே நிழல் இருப்பதால். நெய்து விரிந்தபின் இளகும். பட்டுப்புடவை பார்த்து அதே நிறம் பருத்தியில் கேட்டாலும் அந்த மினுக்கு வராது, நிறம் தட்டையாக நிற்கும். ஒரு படி அடர்த்தியாகக் கேட்பது நல்லது.

ஆபீஸ் சட்டைக்குக் காலர்தான் எல்லாம். வெள்ளையில் கோரா பக்கம் சாய்ந்ததை எடு. சாதாரண டிடர்ஜென்ட் பவுடரில் வெண்மை கூட்டும் பொருள் கலந்திருக்கும், துவைக்கத் துவைக்கக் கோரா நீலவெள்ளையாகிவிடும். அது சேராத திரவ சோப்பாகப் பார்த்து வாங்கு. கால்சட்டையும் பாவாடையும் என்ன நிறமானாலும் போகட்டும், முகத்துக்கும் அதற்கும் தூரம் அதிகம். கோட்டு அங்கே ஆறு மாதம் உன் கழுத்தைச் சுற்றி இருக்கப்போகிறது, எல்லாரும் கறுப்பு வாங்குகிறார்கள் என்று வாங்காதே. மங்கின வானத்துக்குக் கீழே கறுப்பு, உன் கண்ணடி நிழலைக் கூட்டும். வாங்கியாகிவிட்டது என்றால் கழுத்துக்குச் செங்கலோ மயில் நீலமோ ஒரு மப்ளர் சுற்றிக்கொள், கோட்டு பின்னால் போய்விடும்.

கடையில் எதை எடுத்தாலும் வாசலுக்குக் கொண்டுவந்து பகலில் ஒருமுறை பார். உள்ளே ஒன்றாகத் தெரிந்த இரண்டு நீலம் வெளியே வேறு வேறாக நிற்கும். இரண்டு சாயமும் வேறு கலவை, விளக்கு மாறினால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகத் திருப்பித் தரும். சேலைக்கு ரவிக்கை சேர்க்கும்போது இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள்.

எட்டுத் துணியில் உனக்கு எடுத்தவற்றின் மூலையில் ஓர் அங்குலம் வெட்டி, பின்னால் எது கரைக்கு, எது உடலுக்கு என்று எழுதி, கவரில் போட்டு அனுப்பு. போட்டோ வேண்டாம். மார்கழி இருபதுக்குள் கிடைத்தால் சாயக்காரரிடம் துண்டையே கொடுத்துவிடலாம்.

அன்புடன்,
அம்மா