ஏற்றுவதற்கு முன் படித்துப் பார்

வேலூர்,
வெள்ளிக்கிழமை இரவு

அன்பு மகளுக்கு,

நைனா எழுதிக்கொள்வது. மூன்று வாரமாக உன்னிடமிருந்து அழைப்பு இல்லை. கூட்டத்தொடர் நாட்களில் எம்.பி. அலுவலகத்தில் மூச்சுவிட நேரமிராது என்பதை இந்த வீட்டில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கொல்லைச் சுவர் முடிந்தது, அம்மாவுக்குச் சர்க்கரை பரவாயில்லை.

போன ஞாயிறு உன் தம்பி பேச்சுவாக்கில் ஒன்று சொன்னான். எம்.பி. நாடாளுமன்றத்தில் கேட்க வேண்டிய கேள்விகளை இப்போதெல்லாம் வெளியாட்கள் சிலர் தட்டச்சு செய்தே அனுப்பிவிடுகிறார்கள், உறுப்பினரின் கடவுச்சொல் அக்காவிடமே இருப்பதால் இணையதளத்தில் ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது என்றான். அதைப் பற்றி நான் உன்னைக் கேட்கவில்லை. பொதுவாகச் சொல்கிறேன், கடவுச்சொல்லை ஒருவருக்கும் தராதே.

மக்களவையில் ஒரு நாளைக்கு வாய்மொழிப் பதிலுக்கு 20 கேள்விகள், எழுத்துப் பதிலுக்கு 230 கேள்விகள்தான். அதற்கும் 15 நாள் முன்னதாக அறிவிப்புக் கொடுத்துக் குலுக்கலில் தேற வேண்டும். பேரணாம்பட்டுக்கும் ஆம்பூருக்கும் பேருந்திலேயே அலைந்து, தோல் தொழிற்சாலைப் பெண்களின் வைப்புநிதி பற்றி நீ தயாரித்த கேள்வி பட்டியலில் வந்தபோது, பதில் தாளை அச்செடுத்து டீக்கடை வரை கொண்டுபோய்க் காட்டியவன் நான். வெளியிலிருந்து வருகிற கேள்வியில் பிழையே இருக்காது. ஆனால் யாருடைய சரக்குக்கு எவ்வளவு சுங்கவரி என்ற ஒரே இடத்தைச் சுற்றிக்கொண்டிருக்கும். கேள்வி கேட்கப் பணம் வாங்கியதற்காக 2005 டிசம்பரில் 11 எம்.பி.க்கள் பதவி இழந்தது உனக்கு நினைவிருக்கும். அவர்களிடமும் உதவியாளர்கள் இருந்திருப்பார்கள், அவர்கள் பெயரைத்தான் யாரும் எழுதவில்லை. ஏற்றுவதற்கு முன் படித்துப் பார்.

இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை உண்டா என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். நானும் உன்னைப் போல ஒரு எம்.பி. அலுவலகத்தில் இருந்தேன்; எம்.பி.யின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 2 கோடியாக இருந்த காலம் அது, இப்போது 5 கோடி. பணம் எம்.பி. கைக்கு வராது, அவர் பரிந்துரைப்பார், மாவட்ட நிர்வாகம் செய்யும். அந்தப் பரிந்துரைப் பட்டியலைத் தட்டச்சு செய்தவன் நான். அணைக்கட்டுப் பக்கத்துக் காலனி ஒன்றுக்குக் குடிநீர்த் தொட்டி மூன்றாவதாக இருந்தது. அதை எடுத்து அடுத்த ஆண்டுக் கோப்பில் வைத்துவிட்டு, ஒருவருடைய தோல் கிடங்குக்குப் போகும் சாலையை அங்கே போட்டேன். ஐயா என்னை நம்பிப் படிக்காமலே கையெழுத்திட்டார். தொட்டி மறு வருடம் வந்தது. அதற்குள் ஒரு கோடை முழுக்க அந்தப் பெண்கள் வயல் மோட்டாருக்குக் குடம் தூக்கினார்கள். மனு கொடுக்க வந்த கிழவி, ஈரச் சும்மாட்டைக் கையில் பிழிந்தபடியே என் மேசை முன் நின்றாள். பட்டியல் டெல்லிக்குப் போயிருக்கிறது என்று அவளிடம் சொன்னேன். பட்டியல் டெல்லிக்குப் போவதே இல்லை.

நீ ஆறாம் வகுப்புக்குப் போட்டுக்கொண்டு போன கறுப்புத் தோல் காலணி நான் வாங்கியதில்லை, அம்மா. அந்தக் கிடங்கிலிருந்து வந்தது. உன் அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது.

ஞாயிறு காலை பத்து மணிக்குமேல் கூப்பிடு. அவள் ஜலகண்டேஸ்வரர் கோவிலுக்குப் போயிருப்பாள்.

இப்படிக்கு,
நைனா