கையெழுத்துக்கு மட்டும் பெற்றோரா?

ஆசிரியருக்கு வணக்கம்.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைத் தீட்டும் பொறுப்பும் அந்தக் குழுவுக்குத்தான். நடப்பது வேறு. திட்டம் தலைமையாசிரியர் மேசையிலேயே தயாராகிவிடுகிறது. தீர்மானப் புத்தகம் மட்டும் சுற்றி வரும். "இங்க ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா" என்று விரல் வைத்துக் காட்டுவார்கள். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தொடங்கினால் முகம் மாறிவிடும்.

ஆசிரியர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பள்ளி, மாணவர் விவரங்களை அரசின் 'எமிஸ்' இணையதளத்தில் பதிவேற்றுவதற்கே அவர்களுக்கு நேரம் போதவில்லை. ஆனாலும், பெற்றோருக்குத் தெரிந்தது ஆசிரியருக்குத் தெரியாமல் போகலாம். எங்கள் ஊர்ப் பள்ளியில் கழிப்பறைத் தாழ்ப்பாள் உடைந்து கிடந்ததால் பெண் பிள்ளைகள் பகல் முழுக்கத் தண்ணீரே குடிக்காமல் இருந்தார்கள். அதைக் கூட்டத்தில் சொன்னவர் ஒரு மாணவியின் அம்மா, களையெடுக்கப் போகிறவர். வகுப்பாசிரியை அதைக் காதில் வாங்கிக்கொண்டார். அந்த வாரமே தாழ்ப்பாள் மாறியது. எந்தப் படிவத்தில் இதற்குக் கட்டம் இருக்கிறது?

அந்த அம்மா அன்றைக்கு அரை நாள் கூலியை விட்டுவிட்டுத்தான் வந்திருந்தார். பகல் மூன்று மணிக்குக் கூட்டம் போட்டால் வேறு வழி? வருடத்தில் சில கூட்டங்களையாவது மாலை ஆறு மணிக்கு மேல் வைக்கலாம். தீர்மானத்தை உரக்க வாசித்த பிறகே கையெழுத்து வாங்க வேண்டும் என்று கல்வித்துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பட்டும்.

- ஒரு பெற்றோர், தேனி மாவட்டம்