மருமகள் தவழத் தொடங்கிவிட்டாள்: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

கொருக்குப்பேட்டை போர்ஷனுக்குக் குடிவந்த மறுவாரமே என் மருமகள் தவழத் தொடங்கிவிட்டாள் என்று நீ அனுப்பிய வீடியோவை மூன்று முறை பார்த்தேன். மூன்றாம் முறை என் கண் குழந்தையின் மேல் இல்லை; அவளுக்குப் பின்னால் மூடியில்லாமல் நின்ற நீல டிரம்மின் மேலும், பக்கத்தில் நிறைந்திருந்த பக்கெட்டின் மேலும்தான் இருந்தது. போனில் சொன்னால் “சரிக்கா” என்று வைத்துவிடுவாய் என்பதால் எழுதுகிறேன்.

அடிபம்பில் தண்ணீர் வரும் நேரத்தில் குடம், அண்டா, பக்கெட் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் நிரப்பிப் பழகியவர்கள் நாம். ஆனால் பிறந்த குழந்தையின் தலை அதன் உடல் நீளத்தில் கால் பங்கு. பெரியவர்களுக்கு எட்டில் ஒரு பங்குதான். அந்தத் தலைப்பாரத்தோடு விளிம்பைப் பிடித்து எட்டிப் பார்க்கும் குழந்தை குப்புற விழுந்தால் தானாக எழ முடியாது. மூக்கும் வாயும் மூழ்க இரண்டு அங்குலத் தண்ணீரே போதும். என் மகளுக்குப் பத்தாம் மாதம் நடக்கையில், பொங்கிய பாலை இறக்கிவைத்துவிட்டுத் திரும்பினால், பக்கெட்டுக்கு வெளியே இரண்டு கொலுசுக் கால்கள் மட்டும் தெரிந்தன. அலறல் இல்லை, தண்ணீர் தெறித்த ஓசைகூட இல்லை. தூக்கியதும் இருமி அழுதாள். உன் மாமாவிடமே இதை ஒரு வருடம் கழித்துத்தான் சொன்னேன்.

ஆகவே டிரம்முக்கு இறுக்கமான மூடி போடு. பக்கெட்டை வேலை முடிந்ததும் கவிழ்த்து வை.

ஜன்னலில் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்திருக்கும் பெயின்ட் தின்னரை இன்றே அப்புறப்படுத்து. குழந்தை அதைக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, ஏனெனில் வெளியே வரும்போது அது நுரையீரலுக்குள் போய்விடும். உடனே 108-ஐ அழைக்க வேண்டும். வீட்டுக்காரர் முணுமுணுத்தாலும், மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றை மெயினில் போடச் சொல். தூளியில் அவள் இல்லாத நேரத்தில் புடவையைக் கழற்றிவிடு. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அதை முறுக்கி விளையாடினால் கழுத்தில் சுற்றிக்கொள்ளும்.

ஞாயிற்றுக்கிழமை வரும்போது குளியலறைக் கதவுக்கு வெளிப்புறம் உயரத்தில் போட ஒரு தாழ்ப்பாள் வாங்கி வருகிறேன். டிரில்லிங் மெஷினை மட்டும் யாரிடமாவது கேட்டு வை.

அன்புடன்,
அக்கா