உப்பு தேவையான அளவு என்றால் எவ்வளவு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலைப் பணிமனையில் 34 வருடம் ஃபிட்டராக இருந்தவன் நான். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் வேலை திரும்பி வந்துவிடும். போன ஆடியில் என் மனைவிக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். அன்றிலிருந்து வில்லிவாக்கம் வீட்டில் சமையல் என் பொறுப்பு. உங்கள் ஞாயிறு இணைப்பின் சமையல் குறிப்புகளை வெட்டிவைத்துத்தான் கற்றுக்கொண்டேன்.

அதில் ஒரு குறை. கடலைப்பருப்பு கால் கப், மிளகு அரை டீஸ்பூன் என்று எல்லாவற்றுக்கும் அளவு போடுகிறீர்கள். உப்புக்கு வந்ததும் ‘தேவையான அளவு’. யாருக்குத் தேவையான அளவு? மனைவியைக் கேட்டால், “கை அளவுதாங்க, அதைப் போய் எப்படிச் சொல்றது?” என்கிறாள். அந்தக் கையும் ஒரு காரணமோ என்று நினைத்தேன், வாய் திறக்கவில்லை.

ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூனுக்குள் என்றார் டாக்டர். உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் அதுதான். சரி, அளந்துவிடுவோம் என்று ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டில் பிரித்த தேதியை எழுதிவைத்தேன். வீட்டில் மூன்று பேர். 28 நாளில் காலி. தலைக்குக் கிட்டத்தட்ட 12 கிராம்! மீன் கழுவப் போனதைக் கழித்தாலும் இரண்டு மடங்கு வரும். அப்பளம், ஊறுகாய், மோர்மிளகாய், கருவாடு எல்லாம் தனிக் கணக்கு.

உப்பு கூடினால் உடம்பு தண்ணீரைப் பிடித்துவைக்கிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது, இதயம் முக்கித் தள்ள வேண்டியிருக்கிறது. பம்ப் பழுது பார்த்தவனுக்கு இது சட்டென்று புரியும். பக்கத்து வீட்டுக்காரர் இந்துப்புக்கு மாறச் சொன்னார். அதுவும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான். சோடியம் குறைத்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் சேர்க்கிறார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சில வகை பி.பி. மாத்திரை சாப்பிடுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது.

இப்போது காலையிலேயே இரண்டரை டீஸ்பூன் உப்பைக் கிண்ணத்தில் எடுத்துவைத்துவிடுகிறேன். மூன்று பேருக்கும் அன்றைக்கு அவ்வளவுதான். சோற்றுக்கு உப்பு கிடையாது. கீரைக் கடைசலுக்கு இறக்கும்போது ஒரு சிட்டிகை; மீதியைப் பூண்டும் எலுமிச்சையும் பார்த்துக்கொள்கின்றன. ரசத்தில் மட்டும் இன்னும் தோல்விதான். முதல் மூன்று வாரம் மகன் முகம் சுளித்தான். இப்போது வெளியில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்து “கரிக்குதுப்பா” என்கிறான்.

ஆகவே, உப்புக்கும் அளவு போடுங்கள். எத்தனை பேருக்கு என்பதையும் சேர்த்துத்தான். தாளிக்கிற எண்ணெய்க்கும் அப்படியே. போன வாரம் வந்த வத்தக்குழம்புக் குறிப்பைச் செய்யாமல் வைத்திருக்கிறேன். சுண்டைக்காய் வற்றலிலேயே உப்பு இருக்கிறதே, அதைக் கழித்து எவ்வளவு என்று அடுத்த ஞாயிறு போட்டால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஐ.சி.எஃப். ஓய்வூதியர்,
வில்லிவாக்கம், சென்னை-49.