நம் சங்கத்தின் ஆண்டறிக்கை: கையெழுத்துப் போடும் முன்

அனைவருக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். மாதக் கூட்டங்கள் எல்லாம் நடந்தன, ஆடியில் மட்டும் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்காக ஒரு வாரம் தள்ளி வைத்தோம். மீதி நேரத்தை, முதியவர்களின் சொத்து, நம் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் பாதுகாப்பு என இந்த வருஷம் நம்மை அதிகம் அலைய வைத்த விஷயங்களுக்கே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் தான செட்டில்மெண்ட், அதாவது பணம் வாங்காமல் உயிரோடு இருக்கும்போதே சொத்தை எழுதிக் கொடுக்கும் பத்திரம். சேலம் குகைப் பகுதியில் இருக்கும் நம் உறுப்பினர் ஐயா ஒருவர் தறி ஓட்டிச் சம்பாதித்துக் கட்டிய வீட்டை, மனைவி இறந்த கையோடு மகன் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். கடைசி வரை பார்த்துக்கொள்வதாக மகன் வாயால் சொன்னதுதான், பத்திரத்தில் அப்படி ஒரு வரி இல்லை, "அன்பினாலும் பிரியத்தினாலும்" என்று மட்டும் இருக்கிறது. எட்டு மாதத்தில் தறிக்கூடத்தில் பாய் போட்டுப் படுக்கும் நிலைமைக்கு வந்துவிட்டார். நம்மிடம் வந்த அன்றுகூட மகனைப் பற்றி ஒரு குறை சொல்லவில்லை, சாப்பாடு நேரத்துக்குக் கிடைத்தால் போதும் என்றார்.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007 இங்கேதான் உதவிக்கு வருகிறது. அதன் 23ஆம் பிரிவுப்படி, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, பராமரிக்காவிட்டால் ரத்து செய்யக் கேட்கலாம். பத்திரத்தில் நிபந்தனை இல்லையென்றால் என்ன ஆகும் என்பதுதான் சிக்கல். நிபந்தனை இருந்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் ஒரு வழக்கில் சொன்னது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், இந்தச் சட்டத்தை முதியவர்களுக்கு நன்மை தரும் விதத்தில் தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்றது. அப்புறம் 2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம், அன்பும் பாசமும்தான் எழுதிக் கொடுத்ததற்குக் காரணம் என்றால் பராமரிப்பு என்ற நிபந்தனை அதற்குள்ளேயே இருக்கிறது என்று தீர்ப்பளித்தது. அதை நம்பித்தான் கோட்டாட்சியர் முன் மனு போட்டோம், நாம் ஆர்.டி.ஓ. ஆபீஸ் என்கிறோமே, இந்தச் சட்டத்துக்கான தீர்ப்பாயம் அதுதான். வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. முதியவரால் முடியாவிட்டால் அவர் அதிகாரம் கொடுத்த வேறொருவரோ சங்கமோ மனு கொடுக்கலாம்.

முதல் கட்டச் சமரசப் பேச்சிலேயே முன் அறையும் மாதச் செலவுக்குப் பணமும் தர மகன் ஒப்புக்கொண்டார். (தீர்ப்பாயம் உத்தரவிடக்கூடிய பராமரிப்புத் தொகை மாதம் அதிகபட்சம் 10,000 ரூபாய்.) பத்திர ரத்து மனு இன்னும் நிற்கிறது. "ரத்தானால் பையன் குடும்பம் வெளியே போகணுமா?" என்று ஐயா ஒவ்வொரு தடவையும் கேட்கிறார். அவர் சொல்லாமல் அந்த மனுவில் நாம் ஒரு அடியும் எடுத்து வைக்கப் போவதில்லை.

பிள்ளை இல்லாதவர்களும் இந்தச் சட்டத்தில் கேட்கலாம். சொத்து பிற்பாடு எந்த உறவினருக்கு வருமோ, அவர் வசதியுள்ளவராக இருந்தால் பராமரிக்கக் கடமைப்பட்டவர்.

என் அபிப்பிராயத்தை நேராகவே சொல்கிறேன். உயிரோடு இருக்கும்போது வீட்டை எழுதிக் கொடுக்காதீர்கள், உயில் எழுதுங்கள். எழுதித்தான் ஆக வேண்டுமென்றால் ஆயுட்கால அனுபவ உரிமையையும் பராமரிப்பு நிபந்தனையையும் பத்திரத்திலேயே போடச் சொல்லுங்கள். உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும், இரண்டு சாட்சிகள் கட்டாயம், பதிவு நம் விருப்பம். பதிவு செய்த உயிலையும் மாற்றலாம், கடைசியாக எழுதியதுதான் செல்லும். பூர்வீகச் சொத்தில் நம் பங்கை மட்டுமே எழுத முடியும். உயில் மூலம் சொத்து பெறப் போகிறவரைச் சாட்சியாக வைக்க வேண்டாம், வயது அதிகமென்றால் சுயநினைவோடு இருக்கிறார் என்று டாக்டரிடம் ஒரு சான்றும் வாங்கி வையுங்கள். ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தோடு இருக்கும் நம் அம்மா ஒருவரால் படுக்கையை விட்டு எழ முடியாது. அப்படிப்பட்டவர்களுக்குப் பதிவு அலுவலர் வீட்டுக்கே வந்து பதிவு செய்யச் சட்டத்தில் இடம் இருக்கிறது. மனு கொடுத்துக் கட்டணம் கட்டினோம், அவர் கட்டிலில் சாய்ந்தபடியே கையெழுத்துப் போட்டார்.

நாமினி என்பவர் வாரிசு இல்லை, பணத்தை வாங்கி வாரிசுகளிடம் சேர்க்க வேண்டியவர். 2025 நவம்பர் 1 முதல் வங்கிக் கணக்கில் நான்கு பேர் வரை நாமினி போடலாம், ஆனால் அது உயிலுக்கு ஈடாகாது.

அடுத்தது, நம்மில் பாதிப் பேர் வீட்டில் இருக்கும் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் விஷயம். என் தம்பிக்கு 41 வயது, அறிவுசார் குறைபாடு உள்ளவன். 18 வயது முடிந்ததும் சட்டத்தின் கண்ணில் அவன் பெரியவன், பெற்றவர் என்பதாலேயே அம்மா அவனுக்காகக் கையெழுத்துப் போட முடியாது என்பது எங்களுக்கே இத்தனை வருஷம் தெரியாது. அம்மாவுக்கு முடியாமல் போன பிறகுதான், 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி சட்டப்பூர்வப் பாதுகாவலராக நான் விண்ணப்பித்தேன். ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் இந்த வழி உண்டு. கலெக்டர் இருக்கும் உள்ளூர் நிலைக் குழுதான் நியமிக்கும். என்னைக் கேட்பதற்கு முன்பு தம்பியிடம்தான், அக்காவோடு இருக்கச் சம்மதமா என்று கேட்டார்கள். அவன் தலையாட்டினான். அவனை அப்படி முன்னால் உட்கார வைத்து யாரும் கேட்டு நான் பார்த்ததே இல்லை.

பாதுகாவலர், நியமனமான 6 மாதத்துக்குள் தன் பொறுப்பில் இருப்பவரின் சொத்துப் பட்டியலும், ஒவ்வொரு நிதியாண்டு முடிந்து 3 மாதத்துக்குள் கணக்கும் கொடுக்க வேண்டும். சிரமம்தான், ஆனால் அந்தப் பிள்ளைகளுக்குக் காவலே அதுதான்.

சொத்தை நேராக அந்தப் பிள்ளை பெயருக்கு எழுதினால் நிர்வகிப்பது சிரமம். "அண்ணன் பார்த்துக்குவான்" என்று அண்ணன் பெயருக்கு எழுதினால், அண்ணன் காலத்துக்குப் பிறகு யார்? 1882ஆம் ஆண்டு அறக்கட்டளைச் சட்டப்படி தனியார் அறக்கட்டளை வைத்து, பணம் எதற்குச் செலவாக வேண்டும், யாருக்குப் பின் யார் பொறுப்பு என்று எழுதி வைக்கலாம். இந்த வருஷம் இரண்டு குடும்பங்கள் இதற்கான வேலையைத் தொடங்கியிருக்கின்றன. அரசுப் பணியில் ஓய்வு பெற்றவர்கள், சம்பாதிக்க முடியாத பிள்ளையின் பெயரைக் குடும்ப ஓய்வூதியப் பதிவில் இப்போதே சேருங்கள். இந்தப் பிள்ளைகளுக்கு அரசு தரும் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு இன்னும் விண்ணப்பிக்காதவர்களும் சொல்லுங்கள், மனு எழுதித் தருகிறோம்.

முதியோர் உதவிக்கு 14567, இலவச சட்ட உதவிக்கு 15100. பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமலே சட்ட உதவி உண்டு.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு அவரவர் பத்திர நகலைக் கொண்டு வாருங்கள், ஒவ்வொன்றாக உட்கார்ந்து வாசிப்போம். குகை ஐயாவுடன் அடுத்த விசாரணைக்குப் போக இரண்டு பேர் வேண்டும். வர முடிந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.