நெஞ்சகநோய் அறிக்கைகளுடன் தமிழில் அரைப்பக்க விளக்கம் வேண்டி

மதிப்பிற்குரிய மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நெஞ்சகநோய்ப் பிரிவின் கூட்டமும் மருத்துவர்களின் பணிச்சுமையும் தாங்கள் அறிந்தவையே. அவற்றைக் குறைகூற இம்மடலை எழுதவில்லை.

சென்ற மாதம் என் தாயாரின் எக்ஸ்ரே அறிக்கையில் ‘ஓல்டு காக்ஸ்’ என்று ஒரு வரி இருந்தது. மருத்துவரை எட்டு நாள் கழித்துப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள் கைப்பேசியில் தேடி, அது காசநோய் என்றாள். அன்றிரவே அம்மா தன் தட்டையும் தம்ளரையும் தனியே கழுவிப் பின்கட்டில் கவிழ்த்து வைத்தார். தங்கையின் குழந்தை மடியேற வந்தபோது முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். எட்டாம் நாள் மருத்துவர் அரை நிமிடத்தில் சொல்லி முடித்தார்: எப்போதோ வந்து ஆறிப்போன நோயின் தழும்பு அது, சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை. தட்டிலும் தம்ளரிலும் காசநோய் பரவாது என்பதையும் அன்றுதான் அறிந்தோம்.

காசநோய்க் கிருமியை 1882இல் கண்டறிந்து அறிவித்த ராபர்ட் காக்கின் பெயரால் நோயைக் குறிப்பது, நோயாளியின் மனம் நோகாதிருக்க வந்த வழக்கம் என்கிறார்கள். எங்கள் வீட்டில் அந்த நாகரிகம் பட்டபாட்டை மேலே சொல்லிவிட்டேன். ஆகவேதான், ஒவ்வோர் அறிக்கையுடனும் தமிழில் அரைப்பக்க விளக்கம் தாருங்கள் என்று கேட்கிறேன்.

நுரையீரலின் திறனை ஊதவைத்து அளக்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனைக்கும் இதே கதைதான். நெஞ்சு நிறைய மூச்சிழுத்து, ஒரே வீச்சில் வேகமாக வெளியேற்றி, காற்று தீரும்வரை விடாமல் ஊதவேண்டும். மொத்தக் காற்றில் முதல் நொடியில் வெளிவரும் பங்கை வைத்தே மூச்சுக்குழாய் அடைப்பு தெரியும். இதெல்லாம் நான் பின்னர் படித்தறிந்தது. அம்மாவுக்குச் சொல்லப்பட்டது ‘ஊதுங்க’ என்ற ஒரு சொல் மட்டுமே. தாளில் ‘பூர் எஃபர்ட்’ என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நாற்பது ஆண்டுகள் விறகடுப்பில் ஊதாங்குழல் ஊதியவருக்கு, ஊதும் முயற்சி போதாது என்று சான்றிதழ்!

‘எச்சில் துப்பாதீர்’ என்று தங்கள் வளாகச் சுவரெல்லாம் நல்ல தமிழில் எழுதத் தெரிந்திருக்கிறது. அந்தச் சளியில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்ல மட்டும் ஆங்கிலம் தேவைப்படுகிறது. கடுமைக்குப் பொறுத்தருள்க.

அறிக்கையுடன் தமிழில் அரைப்பக்கம் என்பதே மீண்டும் என் வேண்டுகோள். அம்மாவுக்கு மறுபரிசோதனை வரும் செவ்வாய்க்கிழமை. அதற்குள் இயலாதெனில், எப்படி ஊதவேண்டும் என்ற நான்கு வரிகளையாவது அந்த அறைக்கதவில் ஒட்டித் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் மகன்